இயங்காமற்போன வீட்டுச் சேமிப்புப் பெட்டியிலிருந்து கோப்புகளை மீட்பது எப்படி?

நான்கு வன்தட்டுகளை ரெய்டு 5 முறையில் (ஒரு தட்டு போனாலும் தரவு தப்பும்படி) இணைத்து வைத்திருந்த நாஸ் பெட்டி, அதாவது வலையமைப்பு வழியே பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி, ஒரு மின்தடைக்குப் பிறகு எழவில்லை. முகப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறதே தவிர, வீட்டு வலையமைப்பில் பெட்டி தெரியவில்லை. பன்னிரண்டு ஆண்டுக் குடும்பப் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் வேறு நகல் இல்லை. தட்டுகளைக் கழற்றிக் கணினியில் மாட்டினால் கோப்புகள் தெரியுமா, அதே நிறுவனத்தின் புதுப் பெட்டியில் செருகினால் போதுமா, அல்லது மீட்பு நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளைப் பார்த்தால், கோப்புகள் தட்டுகளில் அப்படியே இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நாஸ் பெட்டி என்பது அடிப்படையில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடும் ஒரு சிறிய கணினி. எத்தனை தட்டுகள், அவற்றின் வரிசை என்ன, எவ்வளவு பெரிய துண்டுகளாகத் தரவு வெட்டப்பட்டிருக்கிறது என்ற விவரங்கள் அனைத்தும் ஒவ்வொரு தட்டிலும் எழுதப்பட்டிருக்கின்றன. பெட்டியின் மதர்போர்டில் அல்ல. ஆகவே பெட்டி முற்றிலும் செயலிழந்தாலும் தட்டுகளைக் கொண்டு வேறு கணினியில் அந்தத் தொகுப்பை மீண்டும் உருவாக்கிக்கொள்ள முடியும். இதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு: நகல் எடுத்து முடிக்கும்வரை அந்த நான்கு தட்டுகளிலும் ஒரு பைட்டுகூடப் புதிதாக எழுதப்படக் கூடாது. இந்தப் பதிலில் நான் சொல்லப்போகும் அனைத்தும் இந்த நிபந்தனையைச் சுற்றியே அமைகிறது. நான் கண்டவரையில், பழுதடைந்த பாகத்தால் அழிந்த தரவைவிட, பதற்றத்தில் செய்த முதல் சில முயற்சிகளால் அழிந்த தரவே அதிகம்.

ஆகவே இப்போதே பெட்டியின் மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். மீண்டும் மீண்டும் அணைத்துப் போட்டுப் பார்ப்பதையும், பின்புறத்தில் உள்ள ரீசெட் பொத்தானை அழுத்துவதையும் நிறுத்துங்கள். தட்டுகளைக் கழற்றுவதற்கு முன்பு ஒவ்வொன்றின் மேலும் எந்த அறையிலிருந்து எடுத்தது என்று 1 முதல் 4 வரை எண்ணிட்டு ஒட்டுங்கள். தட்டின் மேல் அச்சிடப்பட்டுள்ள வரிசை எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் மென்பொருள் தட்டுகளின் வரிசையைத் தானாகவே கண்டுகொள்ளும் என்றாலும், தட்டில் உள்ள குறிப்பு சிதைந்திருந்தால் இந்தத் தாள்தான் துணை.

அடுத்து, பழுதானது எது என்று அறிய வேண்டும். முதல் சந்தேகம் பவர் அடாப்டர் மீதுதான் விழ வேண்டும். நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் 3.5 அங்குல வன்தட்டு ஒன்று 12 வோல்ட் இணைப்பில் ஏறத்தாழ 2 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும்; சுழற்சி சீரான பிறகு தேவை வெகுவாகக் குறைந்துவிடும். வயதான அடாப்டர் அந்தத் தொடக்கச் சுமையைத் தாங்காமல் வோல்ட்டைக் கைவிடும். பெட்டி எழ முயன்று, விழுந்து, மீண்டும் எழ முயலும். விளக்கு விட்டு விட்டு எரிவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். நான்கு தட்டுகளையும் வெளியே எடுத்துவிட்டு வெறும் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். அது எழுந்து வலையமைப்பில் தலைகாட்டினால், அடாப்டர் நலிந்திருக்கிறது அல்லது தட்டுகளில் ஒன்று மின்சுற்றில் குறுக்கிணைப்பை உண்டாக்குகிறது என்று பொருள். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட்டும் முனைகளின் திசையும் பழையதுடன் அப்படியே ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். வோல்ட் கூடினாலோ முனை மாறினாலோ பெட்டியோடு தட்டுகளின் மின்பலகையும் சேர்ந்து கருகக்கூடும் என்பதால், இதில் ஊகத்துக்கு இடமில்லை.

வெறும் பெட்டியும் எழவில்லை, அடாப்டரும் நன்றாக இருக்கிறது என்றால் மதர்போர்டு போய்விட்டது. சில பழைய வகைகளில் இதற்கு அறியப்பட்ட காரணமே உண்டு: இன்டெல் ஆட்டம் சி2000 வரிசைச் செயலிகளில் கடிகாரத் துடிப்பைத் தரும் சுற்று நாளடைவில் நலிந்து, ஒரு நாள் அணைத்துப் போட்டதும் கணினி எழாமல் போகும் குறை 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியே தெரியவந்தது. அந்தச் செயலியைப் பயன்படுத்திய நாஸ் பெட்டிகளும் ஏராளம். மின்தடைக்குப் பிறகு பெட்டி எழாமல் போனதும் இதே வகையாக இருக்கலாம். எதுவாயினும், மதர்போர்டு போனதால் தட்டுகளுக்குத் தீங்கு நேர்வது அரிது.

இனித் தட்டுகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கணினியில் இணைத்து முதலில் காதால் கேளுங்கள். சீராகச் சுழன்று மெல்லிய ஒலியோடு அமைந்துவிட்டால் நலம். சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்று தட்டும் ஒலி வந்தாலோ, சுழன்று நின்று மீண்டும் சுழன்றாலோ, உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். அது படிக்கும் முனை பழுதானதன் அடையாளம். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் முனை தட்டின் மேற்பரப்பை உரசிச் சுரண்டக்கூடும், சுரண்டப்பட்ட இடத்தை உலகில் எவராலும் மீட்க இயலாது. அத்தகைய தட்டை உறைபெட்டியில் வைத்தால் சிறிது நேரம் ஓடும் என்ற பழைய கதையை நம்பாதீர்கள்: வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், அந்த ஈரத்தின் மேல் முனை ஓடும்போது சேதம் பெருகும். அதே வகைத் தட்டின் மின்பலகையைக் கழற்றி இதில் பூட்டுவதும் இன்று பயன்படாது; ஒவ்வொரு தட்டுக்கும் உரிய அளவுத்திருத்தக் குறிப்புகள் அந்தப் பலகையிலுள்ள ஒரு சிறு நினைவகச் சில்லில் இருப்பதால், அந்தச் சில்லையும் பெயர்த்து மாற்றினால் மட்டுமே தட்டு தன் முனைகளை அடையாளம் காணும்.

ஒலி நன்றாக இருக்கும் தட்டுகளின் ஸ்மார்ட் அறிக்கையை, அதாவது தட்டு தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவை, படியுங்கள். அதில் பல வரிகள் இருந்தாலும் நான்கு எண்களே இங்கு முக்கியமானவை. 5 என்ற வரி ஏற்கெனவே மாற்றப்பட்ட செக்டர்களையும் (செக்டர் என்பது தட்டிலுள்ள ஒரு சிறு சேமிப்புக் கூறு), 197 படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களையும், 198 திருத்த முடியாதவற்றையும் சொல்லும். இவற்றில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்தால் அந்தத் தட்டை நோயாளியாகவே நடத்த வேண்டும். 199 என்ற வரி மட்டும் உயர்ந்திருந்தால் குற்றம் பெரும்பாலும் கேபிளிலோ பெட்டியின் இணைப்புப் பலகையிலோ இருக்கும். தட்டின் மேல் பழி போட வேண்டாம்.

இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. இயன்றால் கணினிக்குள் வன்தட்டுகளுக்கென உள்ள சாட்டா இணைப்பிலேயே நேராக மாட்டுங்கள், யு.எஸ்.பி. வழி இணைக்கும் கருவிகள், படிக்க முடியாத செக்டர் வந்ததும் தட்டோடு தொடர்பையே துண்டித்துவிடுவது வழக்கம். தட்டு சுழலவே இல்லை என்றாலும் பதற வேண்டாம். சில புதிய வன்தட்டுகளில், சாட்டா மின்இணைப்பின் மூன்றாம் முனைக்கு 3.3 வோல்ட் வந்தால் 'அணைந்திரு' என்று பொருள். பழைய பவர் சப்ளைகள் அந்த முனைக்கு எப்போதும் மின்சாரம் தருவதால் நல்ல தட்டும் இறந்ததுபோல் கிடக்கும். அந்த 3.3 வோல்ட் கம்பி இல்லாத மோலெக்ஸ் மாற்றுக் கேபிளைப் பயன்படுத்தினால் சரியாகிவிடும்.

விண்டோஸ் கணினியில் மாட்டினால் கோப்புகள் தெரியா. கோப்புகளைத் தட்டில் ஒழுங்குபடுத்தி வைக்கும் எக்ஸ்டி4, பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளையும் லினக்ஸ் ரெய்டு அமைப்பையும் விண்டோஸ் அறியாது. அறியாத தட்டைக் கண்டதும் 'தொடக்கநிலைப்படுத்தவா', 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்கும். இந்தக் கேள்விகளுக்கு 'ஆம்' சொன்னதால் எளிய மீட்பு கடினமான மீட்பாக மாறியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகையால் யு.எஸ்.பி. குச்சியிலிருந்து இயங்கும் லினக்ஸ் ஒன்றையே பயன்படுத்துங்கள். அதிலும் ஓர் எச்சரிக்கை தேவை: சில லினக்ஸ் வகைகள் ரெய்டு தட்டுகளைக் கண்டதும் தாமாகவே தொகுப்பை இணைத்து, சமன்செய்யும் வேலையைத் தொடங்கிவிடக்கூடும். அது எழுதும் வேலை. எனவே ஒரே நேரத்தில் நான்கையும் மாட்டாமல் ஒவ்வொன்றாக மாட்டி, மாட்டியவுடன் அந்தத் தட்டைப் 'படிக்க மட்டும்' என்ற நிலைக்கு மாற்றும் பிளாக்டெவ் கட்டளையைக் கொடுத்துவிட்டு மேலே செல்லுங்கள்.

இப்போது நகல் எடுக்கும் கட்டம். தட்டின் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர்வரை உள்ளது உள்ளபடி ஒரு படிமமாக எடுக்க, குனூ திட்டத்தின் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளைவிடப் பொருத்தமான இலவசக் கருவியை நான் அறியேன். இது படிக்க எளிதான பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளைக் கடைசிக்கு ஒத்திவைக்கிறது. எது முடிந்தது, எது பாக்கி என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகிறது. ஆகவே நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த வரைபடக் கோப்பைக் கொடுக்காமல் கட்டளையை இயக்காதீர்கள். அது இல்லாவிட்டால் இந்தக் கருவியின் பாதிச் சிறப்பு போய்விடும். நோயுற்ற தட்டில் முதல் சுற்றை உரசிப் படிக்கும் கட்டம் இல்லாமல் ஓட்டி, பிறகே மறுமுயற்சிகளைச் சேர்க்க வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் முன்கூட்டியே மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். 4 டெராபைட் தட்டு ஒன்று வினாடிக்குச் சராசரியாக 150 மெகாபைட் வேகத்தில் படிக்கப்பட்டால் ஏறத்தாழ ஏழரை மணி நேரம் ஆகும். நோயுற்ற தட்டுக்கு நாள்கணக்கிலும் ஆகலாம். நான்கு தட்டுகளுக்கும் படிமம் எடுக்க 16 டெராபைட் இடம் வேண்டும், அதன்பிறகு மீட்ட கோப்புகளை வைக்கவும் இடம் வேண்டும். அவ்வளவு வசதி இல்லையென்றால், ஸ்மார்ட் அறிக்கையில் குறை காட்டிய தட்டுக்கு மட்டுமாவது கட்டாயம் படிமம் எடுங்கள்; நலமாக உள்ளவற்றை 'மேலுறை' முறையில் பயன்படுத்தலாம். லினக்ஸின் டிவைஸ் மேப்பர் தரும் இந்த ஏற்பாட்டில், உண்மையான தட்டு படிக்க மட்டும் திறந்திருக்க, எழுதப்படுபவை எல்லாம் வேறிடத்தில் உள்ள ஒரு சிறு கோப்புக்குப் போய்ச் சேரும். மேலே இயங்கும் மென்பொருளுக்குத் தட்டில் எழுதியதாகவே தோன்றும்; முயற்சி தவறினால் அந்தச் சிறு கோப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். தவறு செய்யும் உரிமையை இந்த மேலுறை உங்களுக்குத் தருகிறது, அதனால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

தொகுப்பை எழுப்புவதற்கு முன், அதன் அடுக்குகளைப் புரிந்துகொள்வது பயன் தரும். வழக்கமான வீட்டுப் பெட்டியில் ஒவ்வொரு தட்டும் பல பார்ட்டிஷன்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். சினாலஜி நிறுவனத்தின் பெட்டிகளில் முதலிரண்டு சிறிய பார்ட்டிஷன்கள் இயங்குதளத்துக்கும் மாற்று நினைவகத்துக்கும் உரியவை. பெரிய பார்ட்டிஷனில்தான் உங்கள் தரவு இருக்கும். அந்தப் பெரிய பார்ட்டிஷன்கள் எம்டி என்ற லினக்ஸ் ரெய்டு அடுக்கால் இணைக்கப்பட்டிருக்கும். அதன்மேல் பெரும்பாலும், சேமிப்பிடத்தைச் சேர்த்தும் பிரித்தும் தரும் எல்விஎம் என்ற அடுக்கு. அதற்கும் மேல் கோப்பு முறைமை. வெவ்வேறு கொள்ளளவுள்ள தட்டுகளைக் கலந்து பயன்படுத்தும் எஸ்எச்ஆர் முறையும் இவற்றின் கலவையே; அதில் ஒன்றுக்கு மேற்பட்ட ரெய்டு தொகுப்புகளை எல்விஎம் ஒன்றாகச் சேர்த்திருக்கும். கீழிருந்து மேலாக ஒவ்வோர் அடுக்கையும் எழுப்பிக்கொண்டே போனால் கடைசியில் கோப்புகள் தெரியும்.

ரெய்டு 5 முறையில் தரவு எப்படிக் கிடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தரவு 64 கிலோபைட் அல்லது 512 கிலோபைட் போன்ற துண்டுகளாக வெட்டப்பட்டு, நான்கு தட்டுகளில் ஒரு வரிசைக்கு மூன்று துண்டுகள் தரவாகவும் ஒரு துண்டு பேரிட்டியாகவும் எழுதப்படுகிறது. பேரிட்டி என்பது மற்ற மூன்றையும் எக்ஸ்ஆர் (1-கள் ஒற்றைப்படையில் இருந்தால் 1, இல்லையேல் 0) செய்து பெற்ற விடை. மூன்று துண்டுகளில் ஒரே இடத்திலுள்ள பிட்டுகள் 1, 0, 1 என்றால் பேரிட்டி 0. முதல் தட்டு தொலைந்தால் மிஞ்சியுள்ள 0, 1, 0 ஆகியவற்றை மீண்டும் எக்ஸ்ஆர் செய்தால் 1 கிடைத்துவிடும். ஆக, எந்த ஒரு தட்டு போனாலும் கணக்கு நேராகும். இரண்டு போனால் ஆகாது. 4 மெகாபைட் படம் ஒன்று 64 கிலோபைட் துண்டுகளாக வெட்டப்பட்டால் 64 துண்டுகளாகத் தட்டுகளிடையே சிதறிக் கிடக்கும் என்பதால், ஒற்றைத் தட்டை மட்டும் வைத்துக்கொண்டு முழுப் படத்தை எடுக்க முடியாது. ரெய்டு 1 முறையில் இரட்டையாக வைத்திருந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்களுக்கு ஒரு தட்டு போதும்.

அடுத்ததாக, லினக்ஸ் ரெய்டைக் கையாளும் எம்டிஆட்ம் கட்டளையின் 'எக்ஸாமின்' வசதியால் நான்கு பார்ட்டிஷன்களின் குறிப்பையும் படித்து ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். இது வெறுமனே படிக்கும் வேலை என்பதால் தீங்கில்லை. அந்த அறிக்கையில் துண்டின் அளவு, தட்டின் இடம், தரவு தொடங்கும் இடம் ஆகியவற்றோடு 'ஈவென்ட்ஸ்' என்ற எண்ணும், கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரமும் இருக்கும். தொகுப்பின் நிலை மாறும்போதெல்லாம் அந்த எண் தொகுப்பில் உள்ள எல்லாத் தட்டுகளிலும் சேர்ந்து உயரும். நான்கிலும் ஒரே எண் இருந்தால் நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை: 'அசெம்பிள்' கட்டளையைப் படிக்க மட்டும் என்ற குறிப்புடன் கொடுத்தால் தொகுப்பு எழுந்துவிடும்.

மூன்றில் ஒரே எண், ஒன்றில் மட்டும் மிகக் குறைவான எண் என்றால், அந்த ஒரு தட்டு முன்பே தொகுப்பிலிருந்து விலகிவிட்டது. பெட்டி மூன்று தட்டுகளில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சலை யாரும் பார்க்காததால் இப்படி மாதக்கணக்கில் ஓடிய பெட்டிகள் உண்டு. அந்தப் பழைய தட்டை ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதில் இருப்பது அது விலகிய நாளின் தரவு. அதைப் புதியவற்றோடு கலந்தால், அதற்குப் பிறகு எழுதப்பட்ட இடங்கள் எல்லாம் குழம்பிய படங்களாக வந்து சேரும். மற்ற மூன்றைக் கொண்டு தொகுப்பை எழுப்புங்கள். ஒன்று வெகுநாள் முன்பு விலகி, இன்னொன்று நேற்று விலகியிருந்தால்தான் 'இரண்டு தட்டுகளும் போய்விட்டன' என்று பெட்டி கைவிரித்திருக்கும். அப்போது நேற்று விலகிய தட்டின் எண் மற்ற இரண்டிலிருந்து சொற்ப அளவே பின்தங்கியிருக்கும். அதையும் நல்ல இரண்டையும் சேர்த்து, 'ஃபோர்ஸ்' குறிப்புடன் அசெம்பிள் செய்தால் பெரும்பாலும் தொகுப்பு எழுந்துவிடும். கடைசி நிமிடங்களில் எழுதப்பட்டவற்றில் சிறிது பிழை இருக்கலாம். ஆனால் 'ஃபோர்ஸ்' என்பது தட்டிலுள்ள குறிப்பையே திருத்தும் கட்டளையாகையால், படிமத்தின் மேலோ மேலுறையின் மேலோ மட்டுமே கொடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். அசெம்பிள் மறுக்கிறது என்பதற்காக 'கிரியேட்' என்ற கட்டளையைக் கொடுக்காதீர்கள். இணையத்தில் அதைத் தீர்வாகச் சொல்வோர் உண்டு, சில சமயம் அது பலித்தும் இருக்கிறது. நான் உதவப்போன ஒரு குடும்பத்தின் பெட்டியில், யாரோ சொன்னதைக் கேட்டு அப்படிச் செய்திருந்தார்கள். தட்டுகளின் வரிசை மாறியிருந்தது. புதிய எம்டிஆட்ம் தன் இயல்பான அளவுகளை எடுத்துக்கொண்டதால் தரவு தொடங்கும் இடமும் துண்டின் அளவும் பழையதோடு ஒத்துப்போகவில்லை. அதோடு நிற்காமல் உடனே பேரிட்டியைச் சமன்செய்யும் வேலையும் தொடங்கி, பாதித் தொகுப்பின் மேல் தவறான கணக்கை எழுதி முடித்திருந்தது. முதல் நாளே அந்தத் தட்டுகள் கைக்கு வந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை அது. அந்த வீட்டின் திருமணப் படங்களில் பெரும்பகுதி திரும்பவே இல்லை. அது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தொகுப்பு எழுந்ததும் எல்விஎம் அடுக்கை இயக்கி, கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என்று இணைக்கலாம். பலர் அறியாத ஒன்று: எக்ஸ்டி4 முறைமையை அப்படி இணைத்தாலும், முடியாமல் நின்ற பதிவேட்டு வேலைகளை (எழுதப்போவதை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஏடு அந்தப் பதிவேடு) அது தட்டில் எழுதி முடிக்கும். அதைத் தடுக்க 'நோலோட்' என்ற குறிப்பும் வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் முறைமைக்கு 'நோரெகவரி'. படிமத்தின் மேல் மேலுறை போட்டிருந்தால் பதிவேட்டை ஓடவிடுவதே மேல், ஏனெனில் கோப்புறைகள் அப்போதுதான் சீராகத் தெரியும். சினாலஜி பெட்டிகளின் பிடிஆர்எஃப்எஸ் தொகுதிகளைப் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் புதிய பதிப்பு ஏற்க மறுத்து, உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் பழைய பதிப்பு ஏற்றுக்கொள்வதும் உண்டு. எனவே ஒரு பதிப்பில் தோற்றால் இன்னொரு பதிப்பில் முயலுங்கள். கியூநாப் நிறுவனத்தின் புதிய பெட்டிகளில் எல்விஎம் அடுக்கே மாற்றப்பட்டிருப்பதால் சாதாரண லினக்ஸ் அதை அடையாளம் காணாமல் போகலாம். அங்கே அதே நிறுவனத்தின் வேறொரு பெட்டியோ, அந்த அமைப்பை அறிந்த மீட்பு மென்பொருளோதான் வழி. இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தச் சங்கடங்கள் மிகக் குறைவு; தொகுப்பைப் படிக்க மட்டும் இம்போர்ட் செய்தால் போதும்.

கோப்புகள் தெரிந்தவுடன் மகிழ்ந்து நின்றுவிடாமல் சரியாகத்தான் இணைந்திருக்கிறதா என்று சோதியுங்கள். கோப்புறைப் பெயர்கள் தெரிவதோ சிறிய உரைக்கோப்பு திறப்பதோ சான்றாகாது. அவை ஒரே துண்டுக்குள் அடங்கியிருக்கும், வரிசை தவறியிருந்தாலும் திறக்கும். மூன்று தரவுத் துண்டுகள் கொண்ட ஒரு வரிசை 64 கிலோபைட் கணக்கில் 192 கிலோபைட். அதைவிடப் பல மடங்கு பெரிதான படங்களையும் காணொளிகளையும் திறந்து முழுமையாகப் பாருங்கள். படம் பட்டை பட்டையாக வெட்டுண்டு தெரிந்தால் வரிசையோ துண்டின் அளவோ தவறு, அல்லது பழைய தட்டு உள்ளே புகுந்திருக்கிறது.

மறையாக்கம் செய்திருந்தால், கடவுச்சொல்லோ சாவிக் கோப்போ இல்லாமல் மேற்சொன்ன எதுவும் பயன் தராது. பெட்டியிலேயே சாவியைச் சேமித்து, தானாகத் திறக்கும்படி வைத்திருந்தவர்கள் சாவியைத் தனியாகப் பதிவிறக்கி வைத்தார்களா என்று இப்போதே தேட வேண்டும். பெட்டியில் எழுதும் வசதியுடன் எஸ்எஸ்டி கேச் (வேகத்துக்காகத் தரவைத் தற்காலிகமாக வைக்கும் சில்லுச் சேமிப்பகம்) வைத்திருந்தால், அந்த எஸ்எஸ்டிகளும் தொகுப்பின் பகுதியே. இன்னும் வன்தட்டுக்கு வந்து சேராத தரவு அவற்றில் இருக்கும், அவற்றையும் எண்ணிட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

புதுப் பெட்டி வாங்கிச் செருகலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். நான்கு தட்டுகளும் நலமாக இருந்து, அதே நிறுவனம் இடமாற்றத்தை ஆதரிக்கும் வகைகளில் ஒன்றை வாங்கினால், எல்லாவற்றிலும் எளிய வழி அதுதான். கட்டளைகள் எதுவும் தெரியாதவருக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் புதுப் பெட்டி எழுந்ததும் இயங்குதளத்தைத் தட்டுகளில் எழுதும். ஆகையால் படிமம் எடுத்த பிறகே செருக வேண்டும். திரையில் வருவது இடமாற்றமா, புதிதாக நிறுவுவதா என்று ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். 'எல்லாத் தரவும் அழிக்கப்படும்' என்ற வாசகம் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். வேறு நிறுவனத்தின் பெட்டியில் செருகுவது ஒருபோதும் வேண்டாம். அது தட்டுகளைப் புதியவையாகக் கருதும். நோயுற்ற தட்டு ஒன்று உள்ளே இருக்கும்போது புதிய தட்டைச் சேர்த்து 'மறுகட்டமைப்பு' செய்வதும் வேண்டாம். அந்த வேலை மிஞ்சிய தட்டுகள் அனைத்தையும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படிக்கவைக்கும், நலிந்த தட்டு அந்தச் சுமையில் விழக்கூடும்.

லினக்ஸ் கட்டளைகளில் பழக்கமில்லாதவர்களுக்கு யுஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர், ஆர்-ஸ்டூடியோ போன்ற கட்டண மென்பொருள்கள் உள்ளன. இவை படிமங்களைப் படித்து, ரெய்டு குறிப்புகளைத் தாமே கண்டறிந்து, கோப்புறைகளை அப்படியே காட்டும். கட்டணம் செலுத்துவதற்கு முன்பே எவை கிடைக்கும் என்று பார்க்கலாம். கோப்பு முறைமையே சிதைந்திருந்தால் கடைசி வழியாக ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவி உண்டு. அது கோப்புகளின் தொடக்க அடையாளங்களை வைத்துத் தேடி எடுப்பதால் பெயர்களும் கோப்புறைகளும் கிடைக்கா. பல்லாயிரம் படங்கள் எண்களாக வந்து குவியும். அதையும் இணைந்த தொகுப்பின் மேல்தான் ஓட்ட வேண்டும், தனித் தட்டின் மேல் ஓட்டினால் துண்டுகளே கிடைக்கும்.

மீட்பு நிறுவனத்திடம் கொடுக்க வேண்டிய நிலை எது என்றால், டிக் ஒலி எழுப்பும் அல்லது சுழலாத தட்டு ஒன்றுக்கு மேல் இருப்பது. ஒன்று மட்டும் அப்படியிருந்து மற்ற மூன்றின் 'ஈவென்ட்ஸ்' எண்களும் ஒத்துப்போனால், அந்த ஒன்றைத் தொடாமல் ஒதுக்கிவிட்டு நீங்களே முடிக்கலாம். இரண்டு என்றால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. தூசியற்ற அறையில் முனையை மாற்றித்தான் படிக்க வேண்டும். கொடுக்கும்போது நான்கு தட்டுகளையும், நீங்கள் எழுதிய வரிசைத் தாளையும், இதுவரை செய்த முயற்சிகளின் உண்மையான பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள். செய்ததை மறைத்தால் அவர்கள் தவறான இடத்தில் தேட நேரிடும்.

கோப்புகளை வெளியே எடுக்கும்போது படங்களையும் ஆவணங்களையும் முதலில் எடுங்கள். மீண்டும் பதிவிறக்கிக்கொள்ளக்கூடிய திரைப்படங்கள் கடைசியில் வரட்டும், ஏனெனில் நலிந்த தட்டு நடுவழியில் நின்றுவிடலாம். நகலெடுக்கும் மென்பொருள் காட்டும் பிழைகளை ஒரு பதிவுக் கோப்பில் சேமியுங்கள். டிடிரெஸ்க்யூ படிக்க முடியாமல் விட்ட இடங்கள் எந்தக் கோப்புகளைத் தொட்டன என்பது பின்னர் அதிலிருந்து புலப்படும். எடுத்தவற்றை வேறு இரண்டு தட்டுகளில் வைத்து, ஆண்டுக்கு ஒரு சில படங்களையாவது வீட்டாரோடு அமர்ந்து திறந்து பார்த்த பிறகும், பழைய நான்கு தட்டுகளையும் எண் ஒட்டிய நிலையிலேயே சில மாதங்கள் தனியே வைத்திருங்கள். விடுபட்ட கோப்புறை ஒன்று நினைவுக்கு வருவது பெரும்பாலும் அப்போதுதான்.